டி-ஷர்ட் அளவு மூன்று முறை கேட்டார்கள்: சியெம் ரீப் தன்னார்வப் பயணம், ஒரு ரிவ்யூ

முழுக்கப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குப் பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்சிக்கு ஐந்துக்கு ஒன்றரை. நாங்கள் "உதவி செய்யப்" போன உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துக்கு நாலே முக்கால். அந்தக் கால் மதிப்பெண் குறைந்தது அவர்களுடைய கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதற்காக மட்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி போடாதீர்கள், ஒன்றுக்கு அது அநியாயமான லாபம், மற்றதற்கு அநியாயமான நஷ்டம்.

நான் சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மனிதவளத் துறைக்கு வருடத்தில் ஒரு வாரம் நல்ல மனசு வந்துவிடும். ஒரு வருடம் கடற்கரையில் குப்பை பொறுக்கினோம், இன்னொரு வருடம் முதியோருக்கு உணவுப் பொட்டலம் கட்டினோம். இந்த முறை பெரிதாகச் செய்ய வேண்டும் என்று கம்போடியா. பதினான்கு பேர், ஐந்து நாள், ஜூன் மாதம். வசதியில்லாத பிள்ளைகளுக்கான ஒரு நிறுவனத்தில் போய் வேலை செய்வது. லீவில் கழிக்க மாட்டார்கள், டிக்கெட்டும் கம்பெனி செலவு. யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஏஜென்சி பெயரைப் போடவில்லை. ஒன்றைத் திட்டிவிட்டு இன்னொன்றிடம் போனாலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று இந்த வகைப் பயணம் போய் வந்த வேறு நண்பர்களிடம் பேசிய பிறகு தோன்றுகிறது. தொண்டு நிறுவனத்தின் பெயரும் இல்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அவர்கள் அனுப்பிய பிரசுரத்தின் அட்டையில் ஒரு வெளிநாட்டுக்காரரின் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேர் கொடுத்தேன். மூன்று கிலோ வண்ணப் பென்சில் வேறு வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன். "குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கலாம், வகுப்பறைக்கு வண்ணம் பூசலாம், மறக்க முடியாத நினைவுகளோடு திரும்பலாம்" என்று எழுதியிருந்தது. விமான நிலையத்திலிருந்து பதினைந்தே நிமிடம் என்றும் போட்டிருந்தது. அது பழைய விமான நிலையத்தின் கணக்கு. சியெம் ரீப்பில் 2023 அக்டோபரிலேயே புது விமான நிலையம் திறந்துவிட்டார்கள், ஊரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இத்தனை நாளாகப் பிரசுரத்தில் ஒரு வரியைத் திருத்தாதவர்கள் வேறு எதைத் திருத்தியிருப்பார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

போவதற்கு முன் ஏஜென்சியிடமிருந்து வந்த மின்னஞ்சல்களை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினொன்று. அதில் மூன்று டி-ஷர்ட் அளவு கேட்டு. ஒன்றில்கூட "உங்கள் மேல் ஏதாவது வழக்கு உண்டா, குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா" என்ற கேள்வி இல்லை. பதினான்கு பேரை, அதில் பாதிப் பேரை நானே லிஃப்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், நாங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. விசா பற்றிக் கேட்டதற்கு வந்த பதில் இன்னும் அழகு. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் 30 டாலர் சுற்றுலா விசா எடுங்கள், யாராவது கேட்டால் அங்கோர் வாட் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். அங்கே சுற்றுலா விசா ஒரு வகை, தங்கி வேலை பார்க்கப் போகிறவர்களுக்கான ஈ வகை விசா வேறு, அதற்கு 35 டாலர். தொண்டு வேலைக்கு எது சரி என்று கேட்ட என்னிடம் "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் ஏஜென்சியில் பதில் சொன்ன பெண். நல்ல காரியம் செய்யப் போகிற இடத்துக்குப் பொய்யோடு நுழைவதா என்று எங்கள் குழுவிலிருந்த மதுரைத் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணே, நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்குள்ள சாப்பிடப் போறவன்கூட மாப்பிள்ளை வீடுன்னு தெளிவா ஒண்ணு சொல்லுவான்" என்றான்.

(சென்னைக் கிளையில் இருக்கிற நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "இதை நாம சிஎஸ்ஆர், அதான் கம்பெனியோட சமூகப் பொறுப்புச் செலவு, அந்தக் கணக்குல காட்டலாமா?" என்றார். முடியாது. இந்தியாவில் 2013 கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்க வேண்டிய கம்பெனிகள் வெளிநாட்டில் செய்கிற இந்த மாதிரி செலவைக் கணக்கில் சேர்க்க முடியாது. நாட்டுக்கு உள்ளேதான் செய்ய வேண்டும். அவருக்குச் சின்ன ஏமாற்றம்.)

சரி, தொண்டு நிறுவனத்துக்கு வருகிறேன். நகரிலிருந்து துக்-துக்கில் முக்கால் மணி நேரம், கடைசிப் பகுதி செம்மண் பாதை, முந்தின நாள் மழையில் குழைந்து கிடந்தது. தகரக் கூரை போட்ட இரண்டு நீளமான கட்டடங்கள், ஒரு மாமரம், ஒரு சைக்கிள் கொட்டகை. இது விடுதி இல்லை, பிள்ளைகள் யாரும் இங்கே தங்குவதில்லை. கம்போடியாவில் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் ஷிஃப்டில் நடக்கின்றன, காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மீதி அரை நாளில் வயலுக்கோ கூலிக்கோ போகாமல் இருக்க இங்கே வருகிறார்கள். பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள், மதியச் சாப்பாடு உண்டு, உயர் வகுப்புக்குத் தூரம் போக வேண்டியவர்களுக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள். பல வீடுகளில் அப்பா அம்மா தாய்லாந்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டிதான் வளர்க்கிறார்.

ஒருங்கிணைப்பாளர் நாற்பது வயது தாண்டிய பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவரைப் "பொங்" என்றே கூப்பிட்டோம். கம்போடியாவின் கெமர் மொழியில் அக்கா, அண்ணன் இருவருக்கும் அதே சொல்தான், வயதில் மூத்தவர் யாராக இருந்தாலும் பொங். முதல் நாள் காலையில் எங்களை மாமரத்தடியில் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார். குழந்தைகள் பாதுகாப்பு விதிகள். படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே. குழந்தையைத் தூக்கக் கூடாது. தனியாக ஒரு குழந்தையோடு ஓர் அறையில் இருக்கக் கூடாது. முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது. மிட்டாய், பொம்மை, பணம் எதுவும் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. வகுப்பு நடக்கும்போது வகுப்பறைக்குள் போகக் கூடாது. காவல்துறை நற்சான்று யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். ஒருவரிடமும் இல்லை. ஏஜென்சிக்கு நான்கு மாதம் முன்பே எழுதியிருந்தாராம். ஏஜென்சியின் ஆள் வானத்தைப் பார்த்தார்.

"அப்படியானால் பிள்ளைகள் வருகிற நேரத்தில் நீங்கள் எல்லோரும் இந்தக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும், அந்தக் கட்டடத்துக்கு வரக் கூடாது" என்றார் பொங். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. எங்கள் மனிதவள மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பதினான்கு பேரை விமானம் ஏற்றிக் கூட்டி வந்து, பிள்ளைகளை முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதா? எனக்கும் அப்போது சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். மூன்று கிலோ வண்ணப் பென்சில் என் பையில் கனத்தது.

"சரி, சுவருக்காவது வண்ணம் அடிக்கிறோமே" என்றார் மேலாளர். பொங் எழுந்து எங்களைப் பின்பக்கச் சுவருக்குக் கூட்டிப் போனார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியின் நுனியால் சுவரின் மூலையை மெதுவாகச் சுரண்டினார். மேலே இளநீலம். அதற்கு அடியில் மஞ்சள். அதற்கும் அடியில் ஒரு பச்சை, பிறகு ஆரஞ்சு, பிறகு மறுபடியும் நீலம். வெங்காயம் உரிப்பது போல வந்துகொண்டே இருந்தது. "இது ஒரு வங்கி, இது ஒரு ஓட்டல் கம்பெனி, இது சாஃப்ட்வேர்" என்று ஒவ்வொரு அடுக்குக்கும் பேர் சொன்னார். ஏஜென்சி அனுப்புகிற ஒவ்வொரு கூட்டமும் சுவர்தான் கேட்குமாம். ஒரு வருடத்தில் நான்கு முறை அடித்திருக்கிறார்கள், பெயிண்ட் நெடியில் பிள்ளைகளை இரண்டு நாள் மாமரத்தடியில் உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியிருந்ததாம்.

முன்பெல்லாம் வகுப்புக்குள்ளும் விட்டிருக்கிறார்கள். அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். வந்த ஒவ்வொரு குழுவும் முதல் பாடமாக நிறங்களின் பெயரைத்தான் சொல்லிக் கொடுக்குமாம், அப்புறம் மிருகங்கள். மூன்று நாளில் போய்விடுவார்கள், அடுத்தவர்கள் வந்து மறுபடி நிறங்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஊதாவுக்கு இரண்டு பேர் தெரியும், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது" என்றார். ஆசிரியரை அங்கே "க்ரூ" என்கிறார்கள். குருதான், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடம் "சாலா". ஆண் ஆசிரியர் லோக் க்ரூ, பெண் ஆசிரியர் நெயக் க்ரூ. வந்த வெள்ளைக்காரர்களையும் பிள்ளைகள் முதலில் க்ரூ என்றுதான் கூப்பிட்டார்களாம், பிறகு அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். போய்விடுகிற ஆளுக்கு எதற்கு அந்தச் சொல் என்று ஒரு சின்னப் பெண் கேட்டாளாம்.

அதன் பிறகு எங்களிடம் வந்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. "சிங்கப்பூரில் நீங்கள் ஒவ்வொருவரும் தினமும் என்ன வேலை செய்கிறீர்கள்?" ஏஜென்சி இதையும் எங்களிடம் கேட்டதில்லை. ஒருவர் நெட்வொர்க் பார்ப்பவர், அவரை வைஃபை ரவுட்டர் பக்கம் அனுப்பினார். இன்னொருவர் ஒப்பந்தங்கள் படிப்பவர், அவரிடம் ஒரு நன்கொடையாளர் அனுப்பியிருந்த பதினாறு பக்க ஆங்கில ஒப்பந்தம் போனது, அதில் எந்த வரியில் வம்பு இருக்கிறது என்று சொல்ல. ஆறு பேருக்கு அவர்கள் தொழிலால் அங்கே ஒரு பயனும் இல்லை, நாசூக்காக அதைச் சொல்லிவிட்டு, சைக்கிள் கொட்டகை மெக்கானிக்கிடம் எடுபிடியாக அனுப்பினார். முதல் நாள் முறைத்துக்கொண்டு போனவர்கள் மூன்றாம் நாள் டயரைக் கழற்றி டியூபுக்கு ஒட்டுப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். நான் கணக்கு. என்னை ஒரு பழைய மடிக்கணினி முன் உட்கார வைத்தார்கள்.

இனி கொஞ்சம் என் தொழில் புராணம், பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த இரண்டு பத்தியையும் தாண்டிப் போகலாம். சைக்கிள் திட்டத்துக்கு ஒரு எக்செல் கோப்பு. யாருக்கு, எந்தத் தேதியில், எந்த ஊர், எப்போது பழுது பார்த்தது, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் திரும்பி வந்ததா. மூன்று நன்கொடையாளர்கள், மூவருக்கும் மூன்று விதமாக அறிக்கை வேண்டும், ஒருவருக்கு ஆண் பெண் வாரியாக, ஒருவருக்கு ஊர் வாரியாக, ஒருவருக்குக் காலாண்டு வாரியாக, டாலரிலும் கம்போடிய நாணயமான ரியெலிலும். ஒவ்வொரு மாதமும் முதல் ஒரு வாரம் அங்கே கணக்கு எழுதுகிற இளைஞனுக்கு இதிலேயே போய்விடும். அந்த நாட்டில் டாலரும் ரியெலும் ஒரே கடையில் ஒரே பில்லில் புழங்கும், ஒரு டாலருக்கு நாலாயிரத்துச் சொச்சம் ரியெல். மார்ச் மாதப் பஞ்சர் செலவு 8,000 டாலர் என்று இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பிடித்துவிட்டோம் திருட்டை என்று. கடைசியில் அது 8,000 ரியெல், இரண்டு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ரியெல் பத்தியில் போக வேண்டிய எண் டாலர் பத்தியில் உட்கார்ந்துவிட்டது.

கிராமத்தில் சைக்கிள் பழுதுகளைக் குறித்து வைக்கிறவர்கள் நோட்டுப் புத்தகத்தில் கெமர் எண்களில் எழுதுகிறார்கள். அவற்றைப் படிக்க அந்த இளைஞன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அங்கே ஐந்துக்கு மேல் ஒன்பது வரை புது எண்ணே கிடையாது, ஆறு என்றால் "ஐந்து ஒன்று", ஏழு "ஐந்து இரண்டு", ஒன்பது "ஐந்து நான்கு" என்று வாயால் சொல்வார்கள், எழுதுவதற்கு மட்டும் தனிக் குறிகள். எழுத்துகளைப் பார்த்தால் நம் பழைய கிரந்தத்தின் தங்கை மாதிரி இருக்கும், இருக்காதா பின்னே, பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்ததுதானே. நான் மாமல்லபுரத்துக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன், அவன் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "இந்த வரி பதினேழா, பன்னிரண்டா?" என்றான்.

சிக்கல் பெயர்களில் இருந்தது. கெமர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் ஒரு ஸ்பெல்லிங் என்று அலைகிற நமக்கு இது புதிதா? ஒரே பிள்ளை மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று பிள்ளையாகி நின்றது. பெயர்ப் பத்தியை அந்த இளைஞன்தான் பார்த்தான், எனக்குக் குறியீட்டு எண் மட்டும்தான் தெரியும், பிள்ளைகளின் பெயரும் ஊரும் வெளியாள் கண்ணில் படக் கூடாது என்பது அவர்கள் விதி. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் இரவு ஓட்டலில் முடிக்கிறேன் என்றேன். முடியாது என்றுவிட்டார் பொங். ஆகவே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரை விட்டுவிட்டு சைக்கிளின் அடியில் அடித்திருக்கும் நம்பரை வைத்து எண்ணினோம். சில நம்பர்கள் துருவில் மறைந்திருந்தன, டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் தரையில் படுத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் படித்துக் கத்தினார்கள். மூன்றாம் நாள் மாலை கணக்கு முடிந்தது. கோப்பில் 212 பேர். உண்மையில் 189.

நான் பொங்கிடம் அதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொன்னேன். கம்பெனிகளில் இந்த மாதிரி எண் குறைந்தால் முதலில் கதவைச் சாத்துவார்கள், அப்புறம் "இதை இந்தக் காலாண்டில் காட்ட வேண்டுமா" என்று ஆரம்பிப்பார்கள். அவர் இரண்டு முறை எண்ணைப் படித்தார். தண்ணீர் குடித்தார். வெளியே போய் மாமரத்தடியில் நின்று ஃபோன் செய்தார். திரும்பி வந்து, "மூன்று நன்கொடையாளர்களில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன், மூன்றாமவர் தூங்கும் நேரம், நாளைக் காலை சொல்கிறேன்" என்றார். அவ்வளவுதான். நாலே முக்கால் மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் ரிவ்யூ முழுமையாகாது. ஏஜென்சி ஏற்பாடு செய்த ஓட்டலில் காலைப் பலகாரம் காய்ந்த ரொட்டியும் தர்பூசணியும், ஐந்து நாளும் அதே. மதியம் மட்டும் தொண்டு நிறுவனத்தின் சமையலறையில், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, காசு கொடுத்து. இரண்டாம் நாள் ஒரு குழம்பு ஊற்றினார்கள், சம்லோர் கோர்கோ என்று பெயர், காயும் கீரையும் மீனும் வறுத்து அரைத்த அரிசியும். கீரையைப் பார்த்தால் நம்ம முருங்கை. இது என்ன என்று சமையல்கார அம்மாவிடம் கேட்டேன், "ம்ரும்" என்றார். நான் "முருங்கை" என்றேன். அவர் திரும்ப "ம்ரும்" என்றார், நான் திரும்ப "முருங்கை" என்றேன். ஐந்தாறு தடவை இப்படியே போய், இரண்டு பேரும் சிரித்து, கடைசியில் எனக்கு இன்னொரு கரண்டி கிடைத்தது. மதுரைத் தம்பி காசு கொடுக்க நீட்டிய டாலர் நோட்டில் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தது, வாங்க மறுத்துவிட்டார். அந்த நாட்டில் கிழிந்த டாலர் செல்லாக்காசு. போகிறவர்கள் புது நோட்டாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

இப்போது ஏஜென்சிக்கு ஒன்றரை ஏன், ஒன்றாவது ஏன் என்ற இடம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஏஜென்சியின் ஆள் ஓட்டல் வரவேற்பறையில் எங்களைக் கூட்டினார். குழந்தைகளோடு நேரம் கழிக்க முடியவில்லையே என்று எங்களில் சிலர் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. "வருத்தப்படாதீர்கள், இங்கே பக்கத்தில் ஒரு அனாதை இல்லம் இருக்கிறது, இரவு பிள்ளைகள் நடனம் ஆடுவார்கள், அவர்களோடு விளையாடலாம், படம் எடுக்கலாம், ஆளுக்கு 40 டாலர்" என்றார். நகரத்தின் ரெஸ்டாரெண்ட் விலைப்பட்டியல் மாதிரி அச்சடித்த அட்டை வேறு.

கம்போடியாவில் இது ஒரு பழைய புண். யுனிசெஃப் துணையோடு அரசு எடுத்து 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 406 இல்லங்கள், அவற்றில் 16,579 பிள்ளைகள். ஆனால் "அனாதை" என்று சொல்லப்படுகிற இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, பள்ளிக்கூடம் தூரம், அங்கே போனால் படிப்பும் சோறும் கிடைக்கும் என்ற பேச்சு, அப்படித்தான் கிராமத்திலிருந்து கூட்டி வருகிறார்கள். பார்க்க வருகிற வெளிநாட்டார் பணம் கொடுக்கிறார்கள் என்பதால்தான் பல இல்லங்கள் முளைத்தன. கூட்டம் வந்தால் பிள்ளைகள் வேண்டும், பிள்ளைகள் மெலிந்து தெரிந்தால் நன்கொடை கூடும். 1994இல் தலைநகர் நோம் பென்னில் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் இல்லை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதும் அதன் ஒரு முகம்தான் என்று பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச்சபைத் தீர்மானத்திலும் அனாதை இல்லங்களுக்குத் தன்னார்வலர் போவதால் வரும் கேடு இடம் பெற்றது. இதெல்லாம் நடந்து இத்தனை வருடம் கழித்து, அச்சடித்த அட்டையோடு ஒரு ஆள் வந்து நிற்கிறார்.

நான் எழுந்து பெரிய வசனம் பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. பொங் முதல் நாள் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேலாளர் கையில் கொடுத்தேன், அவர் படித்துவிட்டு "வேண்டாம்" என்றார். ஆனால் இரண்டு பேர் தனியாகப் போய்விட்டு வந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர்களுடைய ஃபோனில் நடனப் படங்கள் இருந்தன. பார்த்தேன். இரவு ஒன்பதரை மணி, ஏழு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தைக்கு உதட்டில் சாயம்.

கடைசி நாள் அங்கோர். ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், அதில் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. சியெம் ரீப்பில் அது 1999இல் திறந்தது, பிள்ளைகளுக்குச் சிகிச்சை முழுக்க இலவசம். அதைக் கட்டி நடத்திய பேயாட் ரிச்னர் என்ற சுவிஸ் மருத்துவர், 2018இல் காலமானார், சனிக்கிழமை இரவுகளில் அங்கேயே மேடையில் செல்லோ வாசித்துப் பணம் திரட்டுவாராம், இளவயதுப் பயணிகளிடம் ரத்தமும் வயதானவர்களிடம் பணமும் கேட்பாராம். வேனில் இந்தக் கதையை ஓட்டுநர்தான் சொன்னார். எங்கள் குழுவில் மூன்று பேரும் நானும் கோயில் பார்க்கப் போகாமல் வேனைத் திருப்பச் சொல்லி ரத்தம் கொடுக்கப் போனோம், என் ஹீமோகுளோபின் போதவில்லை என்று என்னை அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்து நாளில் எங்களிடமிருந்து ஒரு பிள்ளையின் உடம்புக்கு நேராகப் போனது அந்த மூன்று பை ரத்தம்தான், அதுவும் பிரசுரத்தில் இல்லாத வேலை.

காசுக் கணக்கு. விமான டிக்கெட் போக ஏஜென்சி கட்டணம் ஆளுக்கு 1,650 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், பதினான்கு பேருக்கு 23,100. கணக்குப் பிரிவு ஆள் என்பதால் பில் என் மேஜைக்குத்தான் வந்தது. அதில் "சமூக பங்களிப்பு" என்று ஒரு வரி இருந்தது, தொகை போடாமல். பொங்கிடம் நேரடியாகக் கேட்டேன், மறைக்காமல் சொன்னார்: ஆளுக்கு 100 அமெரிக்க டாலர், மொத்தம் 1,400. ஒரு பழைய ஜப்பான் சைக்கிளைத் தேற்றிக் கொடுக்க அவர்களுக்கு 45 டாலர் ஆகிறதாம். வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் ஏன் இந்த ஏஜென்சியோடு சேர்ந்திருக்கிறீர்கள் என்றதற்கு, "அந்த 1,400-இல் இரண்டு ஆசிரியர்களுக்குச் சில மாதச் சம்பளம் வரும்" என்றார். அதனால்தான் அவர்கள் பெயரை இங்கே போடவில்லை, நான் திட்டப் போய் அந்தப் பணமும் நின்றுவிடக் கூடாது.

உங்கள் கம்பெனி இப்படி ஒன்றை வாங்கப் போகிறது என்றால், மனிதவளத் துறையை இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பணத்தில் எத்தனை அந்த ஊருக்குப் போகிறது, தாளில் எழுதிக் கொடுங்கள் என்பது ஒன்று. எங்கள் ஆட்களின் பின்னணியை யார் சரிபார்க்கிறார்கள் என்பது மற்றொன்று. மழுப்பினால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளைத் தொட விடாத இடமாக இருந்தால் நம்பிப் போங்கள், நீங்கள் போகாமல் பணத்தை மட்டும் அனுப்பினாலும் அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். மூன்று கிலோ வண்ணப் பென்சிலை வாங்காதீர்கள். அங்கே சந்தையில் அதே பென்சில் பாதி விலை, கடைக்காரருக்கும் வியாபாரம்.

குழுப் படம் ஒன்று எடுத்தோம், சைக்கிள் கொட்டகை முன்னால், பதினான்கு பேரும் முப்பது சைக்கிளும், கை எல்லாம் கிரீஸ். எங்கள் கம்பெனி உள்ளிதழில் கட்டுரை வந்தபோது அந்தப் படம் இல்லை. எங்கிருந்தோ காசு கொடுத்து வாங்கிய படம், யாரோ ஒருவர் தோளில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது.

போன மாதம் டெலிகிராமில் அந்த இளைஞனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, பெயர்ப் பத்தியைக் கறுப்பாக்கி அனுப்பியிருந்தான். ரியெலை டாலராக்குகிற சூத்திரம் புது மாதத்தில் பிழை காட்டுகிறதாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஜையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன், ஒரு டாலர் குறி விட்டுப் போயிருந்தது, பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதே வாரம் ஏஜென்சியிடமிருந்தும் ஒரு மின்னஞ்சல். அடுத்த வருடப் பயணத்துக்கு டி-ஷர்ட் அளவு கேட்டிருக்கிறார்கள்.